உடைந்தது வீட்டுக்கு

அக்கா யாருக்குப் பயப்படுகிறார் என்று அறிய வேண்டுமானால், ஒக்ரோபர் மாதத்தில் அவர் யார் யாருக்கு டோனட் கொடுக்கிறார் என்று பார்த்தால் போதும். முன்வீட்டு வெள்ளைக்காரக் கிழவருக்கு ஒரு டசின். கடிதம் கொண்டுவருபவருக்கு ஆறு. எங்கள் அகதி வழக்குக்காக மொழிபெயர்க்க ஒரேயொரு நாள் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு எட்டு. ஒருமுறை மீற்றர் பார்க்க வந்தவர், என்ன ஏதென்று விளங்காமல், கையுறையைக் கழற்றாமலே இரண்டை வாங்கிக்கொண்டு போனார்.

அவை எல்லாம் முழு டோனட். வட்டம் பிசகாதவை, ஒரே நிறத்தில் பொரிந்தவை, சுற்றிவரச் சீனியும் கறுவாத்தூளும் ஒட்டியவை. உடைந்ததும் கருகியதும், நடுவில் வெட்டியெடுத்த சின்ன உருண்டைகளும் எங்களுக்கு.

"உடைஞ்சது வீட்டுக்கு, முழுசு வெளிய" என்பார் அக்கா.

வீட்டுக்கு என்றால் அவருடைய கணவருக்கு, என் கணவருக்கு, எனக்கு, என் நாலு வயது மகளுக்கு. எங்களுக்குத் தட்டு, பேப்பர் எதுவும் கிடையாது. கூப்பிட்டு, சூட்டோடு கையில் வைப்பார். மகளுக்கு ஊதி ஊதி வாயில் வைப்பார். ஒரு முழு டோனட்டை ஒருநாளாவது எனக்குத் தரமாட்டாரா என்று நான் நினைத்ததுண்டு. அப்படி நினைத்ததை இப்போது எண்ணினால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவின் ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பக்கம், ஒரு சிறிய ஒற்றைத் தட்டு வீடு. மேலே அக்காவும் கணவரும். அவர் எனக்குச் சொந்த அக்கா இல்லை. என்னைவிடப் பதினைந்து, இருபது வயது மூத்தவர். வேறு முறை தெரியாமல் அக்கா என்றேன், அதுவே நிலைத்துவிட்டது. கீழே நிலத்தடியில், பேஸ்மென்ற்றில், நாங்கள் மூவரும். அந்தப் பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட அனுமதி கிடையாது. யாராவது நகரசபைக்குச் சொல்லிக்கொடுத்தால் பார்க்க வருவார்கள். வந்தால் எங்களை வீட்டைவிட்டு எழுப்புவார்கள். எழுப்பினால் எங்கள் பெயர் ஏதோ ஒரு கடதாசியில் ஏறும், ஏறினால் வழக்குக் கெட்டுவிடும். இதெல்லாம் அக்கா சொன்னது. இதில் எவ்வளவு உண்மை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். யாரிடமும் போய் விசாரித்துக் கேட்கிற துணிவும் கிடையாது. அக்கா சொன்னார், நான் நம்பினேன்.

ஆகவே அந்த வீட்டில் நாங்கள் இல்லாதவர்களாக இருக்கப் பழகினோம். முன்கதவால் வரக்கூடாது, பக்கக் கதவால்தான் வரவேண்டும். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கவேண்டும். பிள்ளையின் உடுப்பை வெளியில் காயப்போடக் கூடாது. யாரோ தந்த மூன்று சில்லுச் சைக்கிளை மகள் பேஸ்மென்ற்றுக்குள் கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

அக்காவின் முன்யன்னலுக்கு இரண்டு திரை. உள்ளே தடித்த திரை, கண்ணாடியோடு ஒட்டி மெல்லிய வலைத்திரை. தெரிந்த ஆள் வந்தால் இரண்டையும் விலக்கிக் கை காட்டுவார். தெரியாத ஆள், அல்லது தெரிந்தும் பயமான ஆள் என்றால், தடித்த திரையை மட்டும் ஒரு விரலால் விலக்கி, வலைக்குப் பின்னால் நின்று பார்ப்பார். ரெலிபோன் அடித்தால் உடம்பு ஒருமுறை தூக்கிப்போடும். பிறகு போய் எடுப்பார், ஆனால் பேசமாட்டார். அந்தப் பக்கம் பேசி, அது தமிழ்க் குரல் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விடுவார்.

"பிள்ளை, உந்த நீலக் கார் நேற்றும் நிண்டதே?"

"நான் கவனிக்கேல்லை அக்கா."

"நிண்டது. நான் பாத்தனான். ஒருத்தரும் இறங்கேல்லை."

அவருடைய கணவர் சோபாவில் படுத்தபடி சிரிப்பார். "உவவுக்கு மரத்தில அணிலைக் கண்டாலும் இமிகிறேசன் எண்டுதான் தெரியும். ஒருநாளைக்கு அணிலுக்கும் ஒரு டசின் குடுத்து விடுவா, பாருங்கோ."

"நீங்கள் சிரியுங்கோ. வந்து நிக்கேக்க தெரியும்" என்பார் அக்கா, திரையை விடாமல்.

டோனட் செய்ய அவர் கற்றது ஒரு அப்பிள் தோட்டத்தில். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பிக்கரிங்குக்கு வடக்கே இருந்த அந்தத் தோட்டத்துக்கு வேறு தமிழ்ப் பெண்களோடு ஒரு வான் வண்டியில் வேலைக்குப் போயிருக்கிறார். ஏணியில் ஏறப் பயந்து நின்றவரைப் பார்த்துவிட்டு, தோட்டக்காரப் பெண் அவரைப் பழம் கழுவவும், பிறகு குசினியில் உதவிக்கும் எடுத்துக்கொண்டாளாம். கடைசி நாளன்று அவர் நடுவில் ஓட்டை போடும் தகர அச்சு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். செய்முறையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கண்ணால் பார்த்ததுதான்.

"ஞாயிற்றுக்கிழமையில டோனட் வாங்கச் சனம் வரிசையில நிக்கும் பிள்ளை. ஒருநாள் ஒரு பொலிஸ்காரனும் நிண்டவன். இடுப்பில துவக்கு. நான்தான் அவனுக்குக் குடுத்தனான், முகத்தைப் பாக்காமல். அவன் அதிலயே நிண்டு கடிச்சுப் போட்டு, வாய் மூக்கெல்லாம் சீனியோட என்னைப் பாத்துச் சிரிக்கிறான். சின்னப்பிள்ளை மாதிரி. அண்டைக்குத்தான் இந்த நாட்டில முதல்முதல் எனக்கு ஒரு யூனிபோமைப் பாக்கப் பயம் வரேல்லை."

இதை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் சீனி ஒட்டிய அந்த மூக்கை மறக்காமல் சொல்வார். ஊரில் நடந்த ஒன்றை மட்டும் ஒரேயொரு தடவை சொன்னார். மாக் குழைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அண்டைக்கு அவங்கள் வீட்டுக்கு வந்து நிண்ட நேரம், எடுத்துக் குடுக்கிறதுக்கு வீட்டில ஒண்டும் இருக்கேல்லை. தண்ணிதான் குடுத்தனான்."

அவ்வளவுதான். வந்தது யார் என்று நான் கேட்கவில்லை. சாமியறையில் அவருடைய தம்பியின் படம் ஒன்று இருந்தது. அதற்கு மாலை போட்டு நான் பார்த்ததில்லை. விளக்கு வைத்தும் பார்த்ததில்லை.

அவர் டோனட் செய்யும் முறை மெதுவானது. கலங்கிய அப்பிள் சாறு, இங்கே சைடர் என்று பெரிய பிளாஸ்ரிக் கலனில் விற்பார்களே, அதைக் காலையிலேயே அடுப்பில் ஏற்றிவிடுவார். நாலு கோப்பை அரைக் கோப்பையாக வற்றும்வரை கொதிக்கவேண்டும். வீடு முழுக்க ஒரு புளிப்பும் இனிப்புமான வாசம் எழும்பும். கீழே எங்கள் போர்வைகூட அப்படி மணக்கும். பிறகு முட்டை, பட்டர், மண்ணிறச் சீனி, தயிரைக் கடைந்த மோர், மா. கறுவாவும் சாதிக்காயும். மா கையில் ஒட்டுகிற பதத்தில் இருக்கவேண்டும், இன்னும் மா போட்டு இறுக்கினால் டோனட் கல்லாகிவிடும் என்பார். குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்து, தட்டி, வெட்டி, பொரித்து, சூடு ஆறமுதல் சீனியில் புரட்டுவார்.

பொரிப்பது ஊரிலிருந்து வந்த தாச்சியில். அடி உருண்ட இரும்புத் தாச்சி. அது இங்குள்ள மின்சார அடுப்பின் தட்டையான சுருளில் நேராக நிற்காது, ஆடும். தட்டை அடிச் சட்டி வீட்டில் இரண்டு இருந்தது. ஆனால் அதில் எண்ணெய் கூடப் பிடிக்கும், டோனட் வடிவாகப் பொங்காது என்று அவர் எடுப்பதில்லை. இடது கையால் துணி பிடித்துத் தாச்சியின் காதைப் பற்றிக்கொண்டே வலது கையால் பொரிப்பார். அந்த இடது கையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

அதைவிட நான் பயந்தது வேறொன்றுக்கு. குசினிக்கும் எங்கள் படிக்கட்டுக்கும் இடையில் கூரையில் ஒரு புகை அலாம் இருந்தது. முழு வீட்டுக்கும் அது ஒன்றுதான், கீழே கிடையாது. அக்கா குடிவந்த முதல் கிழமை செத்தல் மிளகாய் வறுத்தபோது அது கத்தியிருக்கிறது. முன்வீட்டுக் கிழவர் வெளியே வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே அக்கா, குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்ரிக் தொப்பி ஒன்றை எடுத்து அதற்கு மாட்டிவிட்டார். ரோசாப்பூப் போட்ட தொப்பி. எங்கள் ஆட்களுடைய பல வீடுகளில் நான் இப்படிப் பார்த்திருக்கிறேன். தாளிக்கும்போது மூடுவார்கள், பிறகு கழற்றுவார்கள். அக்கா கழற்றியதே இல்லை.

படியேறி இறங்கும்போதெல்லாம் அந்த ரோசாப்பூவைப் பார்ப்பேன். கீழே பிள்ளை படுக்கிறாள். எங்கள் யன்னல்கள் இரண்டும் கூரையோடு ஒட்டி, ஒரு தலை நுழைகிற அளவு. ஏதும் நடந்தால் எனக்கு யார் சொல்வது? படியில் நின்று ஒத்திகை பார்ப்பேன். அக்கா, உதைக் கழட்டுவமே? அக்கா, உது மூடியிருக்கக் கூடாதாம். ஒருநாள் வாயைத் திறந்தும்விட்டேன்.

"அக்கா, உது..."

"எது பிள்ளை?"

"ஒண்டுமில்லை."

"வாயைத் திற" என்று ஒரு உடைந்த துண்டை எனக்கும் ஊட்டிவிட்டார். அது தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கியது. இரண்டு வருடம் அந்தத் தொப்பியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

முன்வீட்டுக் கிழவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அக்காவின் பயங்களில் அவர்தான் பெரியவர். தனியாக இருந்தார். நாள் முழுக்கத் தன் புல்தரையில் இலை கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்ப்பார். அல்லது பார்க்கிறார் என்று அக்கா சொல்வார். நாங்கள் வந்த முதல் வருடம் அக்கா அவருக்கு ஒரு பிஸ்கற் ரின்னில் பேப்பர் விரித்து டோனட் அடுக்கி அனுப்பினார். இரண்டு நாள் கழித்துக் கிழவர் ரின்னைக் கழுவித் துடைத்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அக்கா திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"வெறும் ரின்" என்றார். முகம் வெளிறிவிட்டது.

எங்கள் பழக்கத்தில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. இரண்டு பழம், ஒரு பிடி சீனி, ஏதாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறுமையாகக் கொடுத்தால் மனத்தில் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

"அந்தாளுக்குக் கீழ ஆக்கள் இருக்கிறது தெரிஞ்சிட்டுது. கோபமா இருக்கிறார்."

"வெள்ளைக்காரன் கழுவித் தந்ததே பெரிசு" என்றார் கணவர்.

அக்கா கேட்கவில்லை. அடுத்த நாளே இன்னொரு டசின் போனது. அதற்கும் வெறும் ரின் வந்தது. மறுபடியும் ஒரு டசின். அந்தக் கிழவர் எங்கள் பயத்தைத் தின்று கொஞ்சம் கொழுத்திருக்கவும் கூடும்.

தீப்பிடித்தது மூன்றாம் வருடம். சனிக்கிழமை பின்னேரம். அக்காவின் கணவர் வேலைக்குப் போயிருந்தார். என் கணவரும் ஒஷாவாவில் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தார். மகள் கீழே சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தாள். மேலே எண்ணெய் இரைகிற சத்தம் கேட்டது. பிறகு ரெலிபோன் மணி. பிறகு இரும்பு விழுந்த சத்தம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மணிக்கு அக்காவின் உடம்பு தூக்கிப்போட்டிருக்கும். இடது கை தாச்சியை விட்டிருக்கும், எண்ணெய் அடுப்புச் சுருளில் கொட்டியிருக்கும்.

நான் படியேறிப் பார்த்தபோது அடுப்பிலிருந்து நெருப்பு குளிர்ப்பெட்டியின் உயரத்துக்கு நின்றது. குசினி யன்னலின் திரையில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா திரையை இழுத்து விழுத்தி மிதித்தார். நான் திரும்ப ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தபோது, அவர் நனைத்துப் பிழிந்த துவாய் ஒன்றை அடுப்பின் மேல் போட்டு, அதன் மேல் பெரிய தட்டு ஒன்றைக் கவிழ்த்து அமத்திக்கொண்டு நின்றார். நெருப்புத் தெரியவில்லை. புகைதான். கண்ணைத் திறக்க முடியாத கறுத்த எண்ணெய்ப் புகை. அலாம் சத்தமில்லாமல் தொப்பிக்குள் இருந்தது.

பக்கக் கதவின் பிடியில் நான் கை வைத்துவிட்டேன்.

"வெளிய போகாதை" என்றார் அக்கா. "முன்வீட்டார் றோட்டில நிக்கிறார். அவர்தான் தீயணைப்புக்குப் போன் பண்ணியிருப்பார்."

தீயணைப்பு வண்டியின் ஊளை தெருமுனையில் கேட்டது.

"கீழ போ பிள்ளை. கெதியாப் போ. குஞ்சைச் சத்தம் போட விடாதை."

நான் போனேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, புகை வருகிற ஒரு வீட்டின் அடிக்கு, என் காலால்தான் இறங்கிப் போனேன்.

எங்கள் படிக்கட்டின் தலைப்பில் ஒரு கதவு இருந்தது. அதன் வெளிப்புறத்தில் ஒரு கொளுக்கி. முன்னர் இருந்தவர்கள் தங்கள் நாயைக் கீழே விட்டு மூடுவதற்குப் போட்டதாம். நாங்கள் இருந்த காலத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. கதவு மூடியது. பிறகு அந்தக் கொளுக்கி வளையத்தில் விழுகிற சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். கரண்டி ஒன்று கோப்பையில் தட்டினால் வருகிற அளவு.

வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் இருந்த மூலையில் போய்க் குந்தினேன். குளிர் தொடங்கிய நாட்கள், ஃபேர்னஸ் தானாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே இருந்த புகையை அது இழுத்துக் காற்றுத் துவாரங்கள் வழியாகக் கீழே ஊதியது. மகள் இருமத் தொடங்கினாள். நான் அவளுடைய வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கைக்குள் அவள் இருமல் முட்டி முட்டி நின்றது. அவள் அழவில்லை. என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே நெருப்பு உண்மையில் அணைந்துவிட்டதா, தட்டுக்கு அடியில் இன்னும் எரிகிறதா என்று எனக்குத் தெரியாது. கனத்த சப்பாத்துகள் தலைக்கு மேலே நடந்தன. ஒரு ஆண்குரல் கேட்டது.

"எனிபடி எல்ஸ் இன் த ஹவுஸ்?"

அந்த அளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும்.

"நோ சேர்" என்றார் அக்கா. "நோபடி. ஒன்லி மீ."

சப்பாத்துகள் எங்கள் கதவுக்குக் கிட்ட வந்து நின்றன. ஒரு தட்டுத் தட்டினால் போதும். மகளுடைய வாயிலிருந்து கையை எடுத்தால்கூடப் போதும். நான் எடுக்கவில்லை. அப்போது அந்த மனிதருக்குத் தொப்பி கண்ணில் பட்டிருக்கவேண்டும். ஏதோ உரத்துச் சொல்லிக்கொண்டு அதைக் கழற்றியிருப்பார். அலாம் கத்தத் தொடங்கியது. நெருப்பு வந்து, அணைந்து, ஆட்களும் வந்த பிறகு அது கத்தியது. அந்தச் சத்தத்தில்தான் நான் கையை எடுத்தேன். இனி இருமலாம், கேட்காது. மகள் வாந்தி வருமளவுக்கு இருமினாள்.

அலாம் நின்றதும் அக்காவின் குரல் மறுபடி கேட்டது. மெல்லிய, சிரிக்கிற குரல்.

"பிளீஸ் சேர். ரேக். அப்பிள். ஐ மேக்."

முதல் தடவை பொரித்தெடுத்த டோனட் மேசையில் இருந்திருக்கிறது. ஒருவர் சிரித்தார். இன்னொருவர் ஏதோ பகிடி சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவர்கள் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. வாயெல்லாம் சீனி ஒட்டியிருக்கும். அக்காவுக்குப் பயம் போயிருக்கும்.

அவர்கள் போய் எவ்வளவு நேரத்துக்குப் பிறகு கொளுக்கி திறந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நெடுநேரம் போல இருந்தது. அக்கா வாசலில் நின்றார். முகத்தில் கரி, கையில் முழங்கைவரை மா.

"போயிட்டினம்" என்றார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. கொளுக்கியைப் பார்த்தேன். நான் கொளுக்கியைப் பார்ப்பதை அக்கா பார்த்தார். எங்கள் இருவருக்கும் இடையில் நடந்தது அவ்வளவுதான்.

என் கணவருக்கு நான் சொன்னது, எண்ணெய் கொஞ்சம் புகைந்தது என்று மட்டும். முழுவதையும் சொன்னால் அவர் மேலே போய்ச் சண்டை பிடிப்பார். பிடித்தால் அந்த இடமும் இல்லாமல் போகும். கொளுக்கியை மட்டுமல்ல, நானே பிள்ளையின் வாயைப் பொத்தியதையும் சேர்த்து மறைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து அக்கா மாறிப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் படியேறினால் குசினியை விட்டு உள்ளே போனார். "நீ" என்று கூப்பிட்டவர், பெயர் சொல்லாமல், முறை சொல்லாமல் பேசத் தொடங்கினார். மகளுடைய சைக்கிளைப் பின் முற்றத்தில் ஓடவிடலாம் என்று தானே வந்து சொன்னார். அதுதான் என்னை முதலில் கலக்கியது.

இரண்டு கிழமை கழித்து, பகல் நேரம், எங்கள் கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தக் கதவை யாரும் தட்டியதே கிடையாது. அக்கா கூப்பிடுவார், அல்லது நேரே இறங்கி வருவார். திறந்தேன். அக்கா இரண்டு கையாலும் பிஸ்கற் ரின்னைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது உங்களுக்கு. வைச்சுச் சாப்பிடுங்கோ."

திறந்தேன். பேப்பர் விரித்து, பன்னிரண்டு. எல்லாம் முழு டோனட். வட்டம் பிசகாதவை.

மகள் எட்டிப் பார்த்தாள். "பெரியம்மா, உருண்டை எங்கை?"

"அது நல்லாயில்லை குஞ்சு. இதுதான் நல்லது" என்றார் அக்கா. அவளிடம் சொன்னாலும் கண் என் முகத்தில் இருந்தது. தெருவில் நிற்கிற நீலக் காரைப் பார்க்கிற கண்.

அன்று முழுக்க அந்த ரின்னைத் திறந்து திறந்து பார்த்தேன். எங்காவது ஒரு உடைந்தது அடியில் கிடக்கிறதா என்று பேப்பரையும் தூக்கிப் பார்த்தேன். என்னைப் பார்த்து யாரும் பயந்தது அதுதான் முதல் தடவை. கடையில் மிச்சக் காசு குறைந்தாலும் கேட்கத் தெரியாதவள் நான். கொளுக்கி விழுந்ததை அறிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்பதால், அக்காவின் பட்டியலில் கிழவருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன்.

ரின்னை வெறுமையாகக் கொடுத்தால் பயந்துவிடுவார் என்று மூன்று தோடம்பழம் வைத்துக் கொடுத்தேன். பழத்தை எடுத்துவிட்டு, வேறு ஏதும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தார்.

அந்தக் கிழமையே மறுபடி எண்ணெய் வாசம் வந்தது. கிழவருக்கு இந்தமுறை இரண்டு டசின். நான் படியேறினேன். குசினியில் அதே தாச்சி, அதே இடது கை. யன்னலுக்குப் புதுத் திரை. தலைக்கு மேலே பார்த்தேன். ரோசாப்பூத் தொப்பி திரும்பவும் அதன் இடத்தில் இருந்தது.

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. மேசையடியில் இருந்த கதிரை ஒன்றை இழுத்துவந்து போட்டு, ஏறி, தொப்பியைக் கழற்றினேன்.

முந்திய அக்கா என்றால், உது கத்தும் பிள்ளை, உனக்கென்ன விசரே என்று கேட்டிருப்பார்.

"ஓம் ஓம்" என்றார். "கழட்டுங்கோ. நானும் கழட்டவேணும் எண்டுதான் நினைச்சனான்."

இறங்கி, எங்கள் கதவடிக்குப் போனேன். கொளுக்கியைக் கையால் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. பின்னால் அடுப்பின் சுவிச்சை நிறுத்துகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அக்கா பட்டர் பூசுகிற கத்தி ஒன்றை, பிடி என் பக்கம் இருக்க, நீட்டிக்கொண்டு நின்றார்.

"இதால சுலபம்."

திருகாணிகளைக் கழற்றும்வரை பக்கத்திலேயே நின்றார். கொளுக்கியும் வளையமும் என் கைக்கு வந்தன. தொப்பியையும் அவற்றையும் சட்டைப் பைக்குள் வைத்தேன். எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. ஒரு சொல் சொல்லாமல், கேட்காமல் கிடைத்துவிட்டது.

அக்கா மேசைக்குப் போய், தட்டத்தில் இருந்ததில் நல்ல வட்டமாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, பேப்பரில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். தட்டத்தின் ஓரத்தில் உடைந்தது ஒன்று கிடந்தது.

"எனக்கு உடைஞ்சது காணும் அக்கா."

அவர் சிரித்தார். மெல்லிய சிரிப்பு. அன்றைக்குக் கதவுக்குக் கீழ்ப்பக்கம் இருந்து நான் கேட்ட சிரிப்பு.

"ஐயோ, உங்களுக்கு உடைஞ்சதோ. இதை எடுங்கோ."

எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றதால் கடித்தேன். சீனி என் வாயைச் சுற்றி ஒட்டியது. அவருடைய முகத்தில் கொஞ்சம் நிம்மதி வந்தது. அப்போது அடுப்பில் மிஞ்சியிருந்த புகைக்கு அலாம் கத்தத் தொடங்கியது. அக்காவின் உடம்பு தூக்கிப்போட்டது. ஆனால் அதை நிறுத்த ஓடவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என்னைப் பார்த்தார். நான்தான் போய் யன்னலைத் திறந்தேன்.

அடுத்த கோடையில் எங்கள் வழக்கு வென்றது. மாடிக் குடியிருப்பு ஒன்றில் இடம் கிடைத்து மாறினோம். போகும் நாளன்று அக்கா காரடிக்கு வந்து ரின்னைத் தந்தார். ஒக்ரோபர் வரவே இன்னும் இரண்டு மாதம் இருந்தது, அப்பிள் கூடக் காய்தான். எங்கிருந்தோ சைடர் தேடி வாங்கிச் செய்திருக்கிறார். இரண்டு டசின். மகள் பின் இருக்கையில் இருந்து "பெரியம்மா, போட்டு வாறன்" என்று கத்தினாள். அக்கா அவளுடைய கன்னத்தைத் தொட்டார். பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

கார் நகர்ந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவர் உள்ளே போயிருந்தார். முன்யன்னலில் தடித்த திரை ஒரு விரலளவு விலகியிருந்தது. வலைத்திரை அப்படியே மூடிக் கிடந்தது.